காசு கொடுத்தும் கிடைக்காத இடம்: அச்சு, அலைபேசி, சாதி

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். விலையையே பெயராக வைத்த இதழ். ஒரு பைசா வைத்திருக்கிற எவரும் இதை வாங்கலாம் என்று அட்டையே அறிவித்தது. ஓராண்டு கழித்துப் பெயரில் பைசா போய் 'தமிழன்' நின்றது. 1914 மே 5இல் பண்டிதர் மறையும் வரை இதழை அவரே நடத்தினார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அதைப் படித்தார்கள்; இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் படித்தார்கள். நம் மக்கள் பிழைக்கப் போன இடமெல்லாம் அந்த இதழும் போனது.

இந்த மேடையில் வழக்கமாகப் பண்டிதரின் பௌத்தம், இந்திரர் தேச வரலாறு, சாதிபேதமற்ற திராவிடர் என்ற கருத்து ஆகியவற்றைப் பேசுவோம். இந்த ஆண்டு அவரை ஒரு பத்திரிகைக்காரராக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். காரணம், சென்ற ஆண்டு இதே சொற்பொழிவின்போது எங்கள் மன்றத்துக்கு நேர்ந்த ஒரு சிறு அனுபவம். அதைச் சொல்வதற்கு முன் இன்னொரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

1920 ஜனவரி 31இல் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். புது இதழ் வருகிறது என்று நாலு பேருக்குத் தெரியவேண்டுமே. அன்றைக்கு மராத்தியில் செல்வாக்காக இருந்த 'கேசரி'க்கு ஒரு விளம்பரம் அனுப்பினார்கள். இலவசமாகக் கேட்கவில்லை, கட்டணம் தருவதாகத்தான் சொன்னார்கள். கேசரி மறுத்துவிட்டது. அதைத் தொடங்கிய திலகர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

நம் ஊடக வரலாற்றில் இந்த மறுப்பு முக்கியமானது என்று நினைக்கிறோம். செய்தியில் இடம் கிடைக்காதது நமக்குப் புதிதல்ல. விளம்பரம் என்பது வியாபாரம். காசைக் கொடுத்தால் இடத்தைக் கொடுக்க வேண்டியதுதான் சந்தையின் நீதி. சாதி குறுக்கே வந்தபோது அந்த நீதிகூடச் செல்லவில்லை. சந்தை வந்தால் சாதி கரையும் என்று எங்களுக்கு முதுகலை வகுப்பில் பாடம் நடத்தினார்கள். அந்த வகுப்பில் கேசரியின் கதையை யாரும் சொன்னதில்லை.

இனி எங்கள் கதை. சென்ற ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்க முடிவு செய்தோம். மாவட்டத்தில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள், புத்தகங்களில் ஆர்வமுள்ளவர்கள் என்றெல்லாம் தேர்ந்தெடுத்துப் பணத்தையும் கட்டினோம். அரைமணி நேரத்தில் நிராகரித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அழைப்பிதழில் இருந்த 'தலித்', 'சாதி ஒழிப்பு' என்ற சொற்களைப் பார்த்து, இது சமூகப் பிரச்சினை தொடர்பான விளம்பரம், அடையாளச் சான்று கொடுத்து அனுமதி பெற்றவர்கள்தான் வெளியிடலாம் என்றது அந்தத் தகவல். முறையீடு செய்தோம். அதே வாசகம் திரும்ப வந்தது. எழுதியது மனிதர் அல்ல என்பது இரண்டாவது முறை படிக்கும்போது புரிந்தது.

உள்ளதைச் சொன்னால், அந்த விதியில் நியாயம் இருக்கிறது. தேர்தல் காலத்தில் யாரோ பெயர் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டி வெறுப்பைப் பரப்பினார்கள். அதைத் தடுக்கவே பணம் கொடுத்தவர் யார் என்பதை விளம்பரத்தின் மேலேயே காட்டும் ஏற்பாடு வந்தது. நாமும் அதைத்தான் கோரினோம். ஆகவே எங்கள் இளம் தோழர் ஒருவர் தன் ஆதார் அட்டையைக் கொடுத்து அனுமதி வாங்கினார். நான்கு நாள் கழித்து விளம்பரம் வெளியானது. 'பணம் செலுத்தியவர்' என்ற இடத்தில் அவர் பெயர். மறுநாள் காலை ஊரில் அவருடைய அப்பாவிடம், "என்னப்பா, உம் மவன் பெரிய ஆளாயிட்டானாமே" என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் யார், என்ன குரலில் கேட்டிருப்பார்கள் என்பதை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. அன்று மாலையே விளம்பரத்தை நிறுத்திவிட்டோம்.

வெளிப்படைத்தன்மைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. நிறுவனத்தின் பெயரால் விளம்பரம் கொடுப்பவருக்கு அது ஒரு வரி. காலனியில் வீடு இருக்கிறவருக்கு அது அவருடைய முகவரி. கேசரியில் மறுத்தவர்களோடு சண்டை போட முடிந்தது. 'பகிஷ்கிருத பாரத்'திலும் 'ஜனதா'விலும் பாபாசாகேப் பதிலுக்குப் பதில் எழுதினார். எங்களுக்கு மறுத்ததோடு எப்படிச் சண்டை போடுவது?

அதைத் தெரிந்துகொள்ள, இந்த விளம்பர இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

நாளிதழ் விற்றது இடத்தை. இத்தனை சதுர சென்டிமீட்டர், முதல் பக்கமென்றால் இந்த விலை, உள்பக்கமென்றால் அந்த விலை. யார் படிப்பார்கள் என்பது உத்தேசக் கணக்கு. இணையத்தில் விற்பது ஆளை. நாம் ஒரு செய்திப் பக்கத்தைத் தொட்டதும் அது திறப்பதற்குள், கண் இமைக்கும் நேரத்துக்குள், ஓர் ஏலம் நடந்து முடிகிறது. இந்த வயது, இந்த ஊர், இந்த விலையில் போன் வைத்திருப்பவர், நேற்று செருப்பு தேடியவர் என்று நம்மைப் பற்றிய குறிப்புகள் ஏலத்துக்குப் போகின்றன. அதிகம் கேட்டவரின் விளம்பரம் நம் கண்முன் வருகிறது. ஏலக்கூடத்தை நடத்துவது பெரும்பாலும் கூகுள், மெட்டா போன்ற சில நிறுவனங்கள். செய்தி எழுதியவருக்குக் கிடைப்பது அவர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம். யூடியூபில் நீண்ட காணொளிக்கான விளம்பர வருவாயில் 55 விழுக்காடு பதிவிட்டவருக்கு. 'ஷார்ட்ஸ்' எனப்படும் குறுங்காணொளிக்கு 45 விழுக்காடு. அந்தப் பங்கு வேண்டுமென்றால் முதலில் 1,000 சந்தாதாரர்கள், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வை என்ற வாசலைத் தாண்ட வேண்டும். தமிழுக்கு இந்த ஏலக்கூடம் திறந்ததே தாமதமாகத்தான்: கூகுளின் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியது 2018 பிப்ரவரியில். ஃபிக்கி - இஒய் அறிக்கையின்படி 2024இல் இந்திய ஊடக, பொழுதுபோக்குத் துறையின் வருவாயில் டிஜிட்டல் முதன்முறையாகத் தொலைக்காட்சியை முந்திவிட்டது.

இந்த ஏலத்தில் விளம்பரதாரர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தச் சொற்கள் உள்ள பக்கத்தில் தன் சோப்போ பற்பசையோ தோன்றக்கூடாது என்ற பட்டியல். கொலை, வன்முறை, பாலியல் தாக்குதல், கலவரம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. பிணத்தின் படத்துக்குப் பக்கத்தில் பிஸ்கட் விளம்பரம் யாருக்கும் பிடிக்காது. 2020இல் 'கொரோனா' என்ற சொல்லே இந்தப் பட்டியல்களில் ஏறியது. பல நாடுகளில் நாளிதழ்கள் வரலாறு காணாத அளவு வாசகர்களைப் பெற்ற அதே மாதங்களில் விளம்பரத்தை இழந்தன. ஒரு சொல்லால் பெரிய பத்திரிகைகளுக்கே அந்தக் கதி என்றால், நம் இதழ்களை எண்ணிப் பாருங்கள். நாம் விரும்பியா வன்கொடுமையைப் பற்றி எழுதுகிறோம்? சுடுகாட்டுப் பாதை மறிப்பு, தேர் வராத தெரு, எரிக்கப்பட்ட குடிசை இவைதான் நம் மாவட்டச் செய்திகள். நம் செய்திகளில் விலைபோகாத சொற்களே நிறைந்திருக்கின்றன. இதில் சாதி வெறியோடு யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. ஆனாலும் முடிவு அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இதனால் நமக்குள்ளேயே ஒரு பழக்கம் வளர்கிறது. எங்கள் காணொளிகளுக்குத் தலைப்பு வைக்கும்போது 'கொலை' என்பதற்குப் பதில் 'சம்பவம்' என்று போடலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். சாதிப் பெயரின் நடுவே ஒரு நட்சத்திரக் குறி போடலாம் என்றார் இன்னொருவர். சரி என்றும் சொல்லிவிட்டோம். பிறகு ஒரு மூத்த அக்கா எழுந்து, "போலீஸ்காரன்தான் எஃப்ஐஆர்ல சம்பவம்னு எழுதுவான். நீங்களுமாடா தம்பி?" என்றார். அந்தத் தலைப்பை மாற்றினோம். வருமானம் வரவில்லை. வந்திருந்தாலும் ஒரு மாத டீச்செலவுக்கு ஆகியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம், தியாகம் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

அச்சுக் காலத்திலும் விளம்பரம் செய்தியை அடக்கியதுதான். நம்மூர்த் தாலுகா நிருபரைப் பாருங்கள். பலருக்குச் சம்பளம் என்று சொல்லத்தக்க சம்பளம் இல்லை. பொங்கல் மலர், தீபாவளி மலர், ஆண்டுமலர் என்று வரும்போது நகைக்கடை, அரிசி ஆலை, தனியார் பள்ளி, ஊராட்சித் தலைவர் என்று அலைந்து விளம்பரம் பிடித்தால் அதில் கமிஷன் உண்டு. அரிசி ஆலைக்காரரின் தம்பி மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானால் அந்தச் செய்தி எவ்வளவு பெரிதாக வரும்? 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று நாலு வரியில் முடியும். அந்த நிருபர்மீது எங்களுக்குக் கோபமில்லை. அவரில் சிலர் நம் பிள்ளைகள்தான். இன்று அதே நிருபர் கையில் போன் வைத்துக்கொண்டு படமும் பிடிக்கிறார், நேரலையும் போகிறார், நியூஸ் கார்டுக்குத் தகவலும் அனுப்புகிறார். வேலை மூன்று மடங்கு. விளம்பரக் கமிஷன் மட்டும் ஏலக்கூடத்துக்குப் போய்விட்டது.

செய்தி அறைகளின் மேல்மாடியைப் பற்றி இரண்டு தகவல்கள். 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி, ஒருவரையும் காண முடியாமல் அதைப் பற்றி 'பயனீர்' நாளிதழில் எழுதினார். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டன. நாளிதழ், தொலைக்காட்சி, இணையதளம், பருவ இதழ் எல்லாவற்றிலுமாக 121 தலைமைப் பொறுப்புகள். 106இல் உயர்சாதியினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் இணையம் பரவியது, 24 மணிநேர அலைவரிசைகள் வந்தன, 2016இல் மலிவு டேட்டா வந்தது. 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று எழுதிய நூலில் பாபாசாகேப், நாட்டின் முக்கியச் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள் எந்தச் சாதியிலிருந்து, எந்த மாகாணத்திலிருந்து வந்தவர்கள் என்று வெளிப்படையாகச் சுட்டினார். சென்னைப் பிராமணர்கள் என்பதே அவர் சொன்ன விடை. கருவி மாறியதால் கருவியைப் பிடித்திருக்கும் கை தானாக மாறிவிடாது.

ஆனால் கருவி நம் கைக்கும் வந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அது பொய். உத்தரப்பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002இல் கிராமத்துத் தலித் பெண்கள் தொடங்கிய 'கபர் லஹரியா' அச்சிலிருந்து அலைபேசிக் காணொளிக்கு மாறியது. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 'தலித் கேமரா' ஒரு கேமராவோடு தொடங்கி, எந்த அலைவரிசையும் நீட்டாத மைக்கை நம் மக்கள் முன் நீட்டியது. 2021 ஜனவரி 31இல், மூக்நாயக்கின் 101ஆம் ஆண்டு நாளில், அதே பெயரில் ஓர் இணைய ஊடகத்தை மீனா கோட்வால் தொடங்கினார். இவற்றை நடத்துவது நன்கொடையும் பிடிவாதமும்தான். பண்டிதர் காலத்துச் சந்தாவும் அதே கணக்கில்தான் வந்தது.

இந்தக் கருவியின் இரண்டு முனைகளையும் ஒரே வழக்கில் பார்த்தோம். 2015 ஜூன் 23. ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போனார். மறுநாள் ரயில் பாதையில் உடல் கிடந்தது. முதன்மைக் குற்றவாளி மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப் குரல்பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். தலைமறைவாக இருந்தபடியே தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். அந்தக் குரல் போன் போனாகப் போய் அவரை ஒரு கூட்டத்துக்கு நாயகனாக்கியது. அவர் பெயரை இந்த மேடையில் உச்சரிக்கப் போவதில்லை. அவருக்கு ஏற்கெனவே போதுமான விளம்பரம் கிடைத்துவிட்டது, அதுவும் இலவசமாக.

மறுமுனை, அதே கோயிலின் கண்காணிப்புக் கேமரா. அந்தப் பதிவில் கோகுல்ராஜும் இருந்தார், அவரைக் கூட்டிப் போனவர்களும் இருந்தார்கள். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை வழங்கியது. மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது. பேட்டி கொடுத்த பெருமையும் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே வந்து நின்றது.

இங்கே தோழர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. வன்கொடுமை நடந்தால் படம் எடுக்கிறோம், உடனே குழுவில் போடுகிறோம், எடுத்த போனில் இடமில்லை என்று அழித்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படமும் காணொளியும் சுருக்கப்படுகின்றன; எடுத்த நேரம், இடம் பற்றிய குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க, அதற்கென உள்ள சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பதிவான மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நேரில் கொண்டுவந்தால் சான்றிதழ் வேண்டியதில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 63ஆம் பிரிவாக இருக்கிறது. ஆகவே எடுத்த போனைப் பத்திரப்படுத்துங்கள். ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தது பரபரப்புக்கு உதவும், வழக்குக்கு அந்த ஒரு போன்தான் உதவும். இணையத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலும் வன்கொடுமைச் சட்டம் பொருந்தும். இணையத்தில் ஏற்றிய பேட்டியும் பொதுப்பார்வைக்கு உட்பட்டதே என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திரைப்பதிவு எடுக்கும்போது முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

சான்று என்று சொன்னதும் வரி விளம்பரங்கள் நினைவுக்கு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமகள் தேவை, மணமகன் தேவை. 'ஜாதி தடையில்லை' என்று எழுதி, அடுத்த சொல்லாக 'எஸ்சி/எஸ்டி நீங்கலாக' என்று போட்டிருப்பார்கள். வாடகை வீட்டுக்கு 'சைவம் மட்டும்'. எங்கள் மன்றத்தில் இவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தோம். கூட்டங்களில் அந்த நோட்டைக் கையில் தூக்கிக் காட்டினால் போதும், வேறு பேச்சே வேண்டாம். இன்று அந்த விளம்பரங்களில் பெரும்பகுதி திருமணத் தளங்களுக்கும் வீட்டு வாடகைச் செயலிகளுக்கும் போய்விட்டது. அங்கே யாரும் 'நீங்கலாக' என்று எழுத வேண்டியதில்லை. சாதிக் கட்டத்தில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். விலக்கப்பட்டவருக்குத் தான் விலக்கப்பட்டதே தெரியாது. பார்க்க வாசகம் இல்லை, கத்தரிக்கத் தாள் இல்லை. நோட்டில் எதை ஒட்டுவது? எங்கள் நோட்டு 2014வாக்கில் நின்றுவிட்டது. தீண்டாமை குறைந்துவிட்டதற்குச் சான்றாக யாரேனும் அந்தக் காலிப் பக்கங்களைக் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அழிவதைப் பற்றி இன்னும் ஒன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893 முதல் 1900 வரை நடத்திய 'பறையன்' இதழ்த் தொகுதி இன்று நமக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. 'தமிழன்' கிடைத்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பெட்டிகளில் பாதுகாத்ததால்தான், ஞான. அலாய்சியஸ் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுப்பைக் கொண்டுவர முடிந்தது. எண்பது தொண்ணூறு ஆண்டு தாள் தாங்கியது. 2020 ஜூன் 29 இரவு மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் போனது. எல்லைப் பிரச்சினை, தேசப் பாதுகாப்பு எல்லாம் இருக்கட்டும். அதில் கட்டட வேலைத் தளத்தில் ஆடியவர்கள், நாற்று நடவில் பாடியவர்கள், கானா பாடியவர்கள், ஒப்பாரி வைத்த பாட்டிகள் இருந்தார்கள். எந்தத் தொலைக்காட்சியும் காட்டாத முகங்கள். ஓரிரவில் எல்லாம் போயிற்று. அந்தப் பாட்டியின் பேரன் அதை வேறெங்கும் எடுத்து வைத்திருக்கவில்லை.

எனவே இரண்டு ஆண்டுகளாக எங்கள் மன்றம் ஒரு வேலையைச் செய்துவருகிறது. பதிவேற்றும் ஒவ்வொரு காணொளியின் மூலப்பதிவையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வேறு ஊர்களில் வைக்கிறோம். யார் எடுத்தது, எங்கே, எந்தத் தேதி, பேசுபவர் சம்மதித்தாரா என்று ஒரு தாள் பதிவேட்டில் பேனாவால் எழுதுகிறோம். இந்த உரையையும் அச்சிட்டுத்தான் கொடுக்கிறோம். விலை பத்து ரூபாய்.

இந்த ஆண்டு வலைத்தள விளம்பரம் கொடுக்கவில்லை. யார் பெயரைப் போடுவது என்று செயற்குழுவில் இரண்டு மணிநேரம் பேசினோம். தன் பெயரையே மறுபடியும் போடலாம் என்றார் அந்த இளம் தோழர். அவருடைய அப்பா, "வேணாம் சார், தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று எங்களிடம் தனியாக வந்து சொன்னார். சுவரொட்டி அடித்தோம். பேருந்து நிலையத்தில் ஒட்டியது அப்படியே இருக்கிறது. மேலத்தெரு முனையில் ஒட்டிய இரண்டையும் அன்றிரவே கிழித்துவிட்டார்கள். விடிந்ததும் அதே இடத்தில் மறுபடி ஒட்டினோம்.